ஆறில்லாத தீவுக்குக் கிளம்பும் குறுக்குத்துறைக்காரர்களுக்கு

தாமிரபரணிக் குறுக்குத்துறைப் படித்துறையில் விடியக்காலையில் கூடி நீந்துகிற தம்பிமார்களுக்கும் தங்கைமார்களுக்கும்,

ஸ்கூபா பழக லட்சத்தீவுக்குப் போவதென்று முடிவு பண்ணிவிட்டீர்கள் என்று கேள்விப்பட்டேன். அந்தமானா, லட்சத்தீவா என்று உங்களுக்குள் பெரிய பட்டிமன்றமே நடந்து, கடைசியில் கட்மத் தீவு ஜெயித்ததாம். அந்தமானைக் குறைத்துச் சொல்ல ஒன்றுமில்லை. ஹேவ்லாக் என்றே இன்னமும் எல்லோரும் சொல்கிற ஸ்வராஜ் தீவில் ஸ்கூபா பள்ளிகள் நிறைய. சென்னையில் விமானம் ஏறினால் போதும், மற்றதெல்லாம் தானாக நடக்கும். ஆனால் அந்தமானில் மலை உண்டு, காடு உண்டு, ஓடை உண்டு. கட்மத்தில் இது எதுவும் கிடையாது. நீளம் 9 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். அகலம் அதிகமான இடத்திலேயே அரைக் கிலோமீட்டரைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். தென்னையும் வெள்ளை மணலும், சுற்றிலும் கடலும்.

வற்றாத ஆற்றில் முங்கி வளர்ந்தவர்கள், ஆறே இல்லாத மண்ணில் போய்த் தங்கப் போகிறீர்கள். அதனால்தான் இந்தக் கடிதம். ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொன்னால், அவனிடம் இப்படிச் சொன்னீர்களே, இவளிடம் அப்படிச் சொன்னீர்களே என்று பஞ்சாயத்து வரும். எல்லோருக்கும் பொதுவாக எழுதிவிட்டால் எனக்கு நிம்மதி.

முதலில் அந்தத் தீவு எப்படி உண்டானது என்று தெரிந்துகொள்ளுங்கள். ஆறு வந்து விழுகிற கடலில் அப்படியொரு தீவு உண்டாகவே செய்யாது. பவளப் பூச்சிக்கு வெயில் வேண்டும், தெளிந்த உப்புநீர் வேண்டும்; வண்டலும் நன்னீரும் அதற்கு ஆகாது. புன்னைக்காயலில் நம் தாமிரபரணி கடலில் சேரும் இடத்தைப் போய்ப் பாருங்கள். கலங்கல் தண்ணீர், சேறு, அலையாத்திச் செடிகள். பவளம் பார்க்க வேண்டுமானால் கழிமுகத்தை விட்டு விலகி, தூத்துக்குடியிலிருந்து வடக்கே போகிற தீவுகளின் ஓரத்துக்குத்தான் போக வேண்டும். லட்சத்தீவோ கேரளக் கரையிலிருந்து 200 கிலோமீட்டருக்கும் அப்பால், எந்த ஆற்றின் வண்டலும் எட்டாத தூரத்தில் கிடக்கிறது. கடலுக்குள் மெல்ல அமிழ்ந்துபோகும் எரிமலையைச் சுற்றி, அது தாழத் தாழப் பவளம் மேலே மேலே வளர்ந்துகொண்டே வரும், கடைசியில் மலை மறைந்து வளையம் மட்டும் நிற்கும் என்று சார்லஸ் டார்வின் 1842-ல் ஒரு புத்தகம் எழுதினார். அப்படிப்பட்ட வளையங்களின் மேல் ஒதுங்கிய மணல்தான் இந்தத் தீவுகள். மொத்தம் 36, ஆள் குடியிருப்பது பத்தில் மட்டும். 1956 நவம்பர் வரை இவை நம் சென்னை மாநிலத்தோடு சேர்ந்திருந்தவை என்பது உங்களில் பலருக்குப் புதுச் செய்தியாக இருக்கும்.

இனி நீச்சலுக்கு வருகிறேன். பயிற்சியில் 200 மீட்டர் நீந்திக் காட்டு, 10 நிமிடம் மிதந்து காட்டு என்பார்கள். உங்களுக்கு அது காலை நேரத்துச் சோம்பல் முறிப்பு. பயம் எனக்கு உங்கள் திறமையைப் பற்றித்தான். கல்மண்டபத்து மேலிருந்து குதித்து, முங்கு நீச்சலில் யார் அதிகத் தூரம் போய் எழும்புகிறார் என்று பந்தயம் கட்டுகிற கூட்டம் நீங்கள். மூச்சடக்குவதுதான் உங்கள் பெருமை. ஸ்கூபாவின் முதல் பாடமே ‘ஒருபோதும் மூச்சை அடக்காதே’ என்பது.

கணக்கு இதுதான். கடலில் 10 மீட்டர் இறங்கினால் மேலே உள்ளதைப்போல் இரண்டு மடங்கு அழுத்தம். முத்துக் குளிப்பவர் மேலேயே மூச்சை இழுத்து அடக்கிக்கொண்டு இறங்குவார். 10 மீட்டரில் அவர் நெஞ்சுக்குள் இருக்கிற காற்று பாதியாகச் சுருங்கும். ஏறி வரும்போது பழைய அளவுக்கு விரியும். அதற்குமேல் விரிய அங்கே காற்றில்லை. சிலிண்டர் கட்டியவர் கதை வேறு. அவர் 10 மீட்டர் ஆழத்திலேயே நெஞ்சு நிறைய இழுக்கிறார். அதை அடக்கிக்கொண்டு மேலே வந்தால் அந்தக் காற்று இரண்டு பங்காகும். நுரையீரல் தாங்காது, கிழியும். கிழிசல் வழியாக ரத்தத்தில் கலந்த காற்று மூளைக்குப் போனால் அதோடு முடிந்தது. அதனால் இழுக்க வேண்டும், விட வேண்டும், இழுக்க வேண்டும், விட வேண்டும். மூச்சு இழுக்க வாயில் கவ்வியிருக்கிற ரெகுலேட்டரை எடுத்த நேரத்திலும் சிறு குமிழியாவது விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். பயம் வந்தால் நம் உடம்பு தன்னால் செய்வது மூச்சைப் பிடித்துக்கொண்டு மேலே பாய்வதுதான். ஆற்றில் அது உயிரைக் காக்கும். அங்கே அதுவே உயிரை எடுக்கும். இந்த ஒன்றை மட்டும் ஊரிலிருந்து கிளம்பும் முன்பே மண்டையில் ஏற்றிக்கொள்ளுங்கள். நீச்சலே தெரியாமல் வருகிறவர் பாடம் சொல்கிறவர் சொன்னதை அப்படியே செய்துவிடுவார். நீங்கள்தான் பழைய பழக்கத்துக்குத் திரும்புவீர்கள்.

இன்னொரு ஆற்றுப் பழக்கம், கையை வீசுவது. அடியில் கைக்கு வேலையே கிடையாது. கையைக் கட்டிக்கொண்டு, இடுப்பிலிருந்து காலை மெதுவாக அசைத்துப் போக வேண்டும். கையை வீசினால் பவளத்தில் படும், பக்கத்து ஆளின் மாஸ்க் கழன்றுபோகும், போதாக்குறைக்குக் காற்றும் சீக்கிரம் தீரும்.

முதல் பாடம் லகூனுக்குள் நடக்கும். லகூன் என்பது பவளத்திட்டு அணைகட்டியது போல் அடைத்து வைத்திருக்கிற ஆழமில்லாத கடல். நெஞ்சளவு தண்ணீரில் மண்டிபோடச் சொல்வார்கள். முட்டியின் கீழே மணல் நெரியும். முதல் மூச்சு ரெகுலேட்டரில் இழுக்கும்போது ஒரு சீறல் சத்தம், விடும்போது காதோரம் கொப்பளிக்கும் சத்தம். அந்த இரண்டு சத்தமும் ஒழுங்காக மாறி மாறிக் கேட்கத் தொடங்கினால் மனசு அடங்கும். அப்புறம் சொல்வார்கள், மாஸ்க்குக்குள் தண்ணீர் விடு என்று. மேல் விளிம்பைச் சற்றே நெகிழ்த்தினால் குளுகுளுவென்று உள்ளே இறங்கி மூக்கை மூடி, கண்ணுக்கு வந்து நிற்கும். உப்பு கரிக்கும். எழுந்து நிற்கத்தான் தோன்றும். எழுந்தால் நெஞ்சளவுத் தண்ணீர்தானே என்று நினைப்பீர்கள். எழக் கூடாது. நெற்றிப் பக்கம் விளிம்பை விரலால் அழுத்திப் பிடித்து, தலையைக் கொஞ்சம் அண்ணாந்து, மூக்கு வழியாக நிதானமாக ஊதினால் தண்ணீர் கீழ்விளிம்பு வழியே வெளியேறிவிடும். சிலருக்கு ஒரே தடவையில் வரும். சிலர் அரை நாள் அதிலேயே கிடப்பார்கள். உங்களில் யாராவது அப்படிக் கிடந்தால் மற்றவர்கள் கிண்டல் பண்ணாதீர்கள். 18 மீட்டரில் மாஸ்க் நிறைந்தால் இதே வேலையைத்தான் செய்தாக வேண்டும். மாஸ்க்கில் ஆவி படியாமல் இருக்க உள்ளே எச்சில் துப்பித் தேய்ப்பார்கள். அருவருப்புப் படாதீர்கள், உலகம் முழுக்க அதுதான் வழக்கம்.

காது. மாஞ்சோலை மலைக்கு பஸ்ஸில் ஏறும்போது காது அடைத்து, எச்சில் விழுங்கினால் திறக்குமே, அதேதான் இங்கேயும். ஆனால் மாஞ்சோலையில் மணிக்கணக்கில் நடப்பது இங்கே சில நொடியில் நடந்துவிடும். மூக்கைப் பிடித்து மெதுவாகக் காற்றை அழுத்தி, காது வலிக்கும் முன்பே திறந்துகொண்டே இறங்க வேண்டும். வலித்தால் கொஞ்சம் ஏறிக்கொள்ளுங்கள், முக்கித் திறக்காதீர்கள். சளி இருந்தால் அன்றைக்கு இறங்கவே வேண்டாம். ஆறு பிடிக்கிற ஜலதோஷம் நமக்குப் பழகிப்போனது, ‘ஒரு மாத்திரையைப் போட்டுட்டு எறங்குவோம்’ என்று சொல்லத் தோன்றும். மாத்திரையின் வேகம் அடியில் இருக்கும்போது தீர்ந்தால், ஏறும்போது காதுக்குள் காற்று மாட்டிக்கொள்ளும்.

சைகை ஒன்றை மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன். நாம் எதற்கெடுத்தாலும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவோம். தண்ணீருக்குள் அதற்கு ‘மேலே போகிறேன்’ என்று பொருள். ‘சரி’ என்று சொல்ல ஆள்காட்டி விரலையும் கட்டைவிரலையும் வட்டமாகச் சேர்க்க வேண்டும். ‘நல்லா இருக்கு அண்ணாச்சி’ என்று கட்டைவிரல் காட்டியவரை, கூட வந்தவர் பதறிப்போய் மேலே தள்ளிக்கொண்டு வந்துவிடுவார்.

சிலிண்டரில் 200 பார் அழுத்தத்தில் காற்று இருக்கும். பாதி தீர்ந்ததும் கூட வருகிறவருக்குக் காட்ட வேண்டும். 50 பார் மிச்சத்தோடு படகில் ஏற வேண்டும். ஆழம் கூடக் கூடக் காற்றுச் செலவும் கூடும், ஏனென்றால் ஒவ்வொரு மூச்சிலும் அதிகக் காற்று அடைபட்டு வருகிறது. முதல் நிலைச் சான்றிதழுக்கு அனுமதித்த ஆழம் 18 மீட்டர். நம் கரையோர மக்கள் கையை விரித்து அளக்கிற பாகக் கணக்கில் அது பத்துப் பாகம்.

அந்தப் பத்துப் பாகத்தில் நம் ஆற்றுமுகத்துக்காரர்கள் சிலிண்டர் இல்லாமல் வேலை பார்த்தார்கள் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு இறங்குங்கள். காலில் கல்லைக் கட்டிய கயிற்றோடு சரசரவென்று இறங்கி, ஒரு நிமிடம் போல அடியில் தங்கி, கைக்கு அகப்பட்ட சிப்பியையெல்லாம் கூடையில் வாரி, கயிற்றை ஆட்டினால் மேலே இருக்கிறவர் இழுத்துக்கொள்வார். கொற்கையில் மரண தண்டனைக் கைதிகளை முத்துக் குளிக்க இறக்கினார்கள் என்று முதலாம் நூற்றாண்டில் ‘பெரிப்ளூஸ்’ என்ற கிரேக்கக் கப்பல் வழிக் குறிப்பு சொல்கிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டுக் கடைசியில் காயலுக்கு வந்த மார்க்கோ போலோ, சுறாவைக் கட்டிப்போட மந்திரம் சொல்கிறவருக்குப் பங்கு கொடுத்ததை எழுதி வைத்திருக்கிறார். அந்த மந்திரக்காரருக்குக் கடல்கட்டி என்று பெயர். இங்கிலீஷ்காரன் காலத்திலும் அவரில்லாமல் படகு கிளம்பவில்லை. இடையன்குடியில் இருந்த கால்டுவெல் பாதிரியார் 1870-களில் கொற்கையிலும் காயலிலும் தோண்டிப் பார்த்து, கிரேக்கர்கள் சொன்ன துறைமுகம் கொற்கைதான் என்று எழுதினார். இன்றைக்குக் கொற்கையில் நின்றால் கடல் தெரியாது. நம் ஆறு கொண்டுவந்து போட்ட வண்டல் கடலைக் கிழக்கே தள்ளிவிட்டது.

நீங்கள் போவது போல, தண்ணீருக்குள் இறங்குவதற்கென்றே ஊரை விட்டுப் போய் ஒன்றுமில்லாத கரையில் தங்குவது முத்துக் குளித்தவர்களுக்கும் வாடிக்கை. இலங்கையின் மன்னார்க் கரையில் அரிப்பு, மரிச்சுக்கட்டி என்று இரண்டு இடங்கள். முத்துக்குளிப்பு இல்லாத காலத்தில் அங்கே மணலும் முள்ளும்தான். குளிப்பு அறிவித்ததும் கீழக்கரை, காயல், தூத்துக்குடியிலிருந்து மட்டுமல்ல, அரபுக் கரையிலிருந்தும் ஆள் வந்து குவிவார்கள். சில வாரத்துக்குள் பல்லாயிரம் பேர் கொண்ட ஓலைப்பட்டணம் எழும்பும். நள்ளிரவில் கரைக்காற்றில் படகுகள் கிளம்பி, விடியலில் சிப்பி கிடக்கிற பாரில் நிற்கும். பீரங்கிச் சத்தம் கேட்டதும் இறங்குவார்கள். மத்தியானம் கடற்காற்றில் திரும்புவார்கள். கொட்டு என்ற அடைப்புக்குள் சிப்பியை எண்ணிக் குவிப்பார்கள். குளித்தவருக்கு மூன்றில் ஒரு பங்கு. 1906-ல் அந்தக் கொட்டில் வேலை பார்த்த வெள்ளைக்கார அதிகாரிகளில் ஒருவர், பிற்பாடு எழுத்தாளராகப் பெயர் வாங்கிய லெனார்ட் உல்ஃப். சிப்பியை வெயிலில் அழுகவிட்டுத்தான் முத்தை அலசுவார்கள். ஈயும் நாற்றமும் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். அந்த ஓலைப்பட்டணம் எதற்கு நடுங்கியது தெரியுமா? சுறாவுக்கு இல்லை. குடிதண்ணீருக்கும் காலராவுக்கும். கடலில் முத்து மிச்சமிருக்கும்போதே, காலரா வந்து குளிப்பை நிறுத்திய வருஷங்கள் உண்டு.

தூத்துக்குடியில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961-ல். அதற்கப்புறம் நடக்கவில்லை.

குடிதண்ணீர் என்றதும் கட்மத் நினைவுக்கு வருகிறது. நாம் காலையில் பேப்பரைப் பிரித்தால் பாபநாசம் எத்தனை அடி, மணிமுத்தாறு எத்தனை அடி என்று பார்க்கிற ஜனங்கள். 143 அடி நிறைந்தால் மனசும் நிறையும். அந்தத் தீவில் அணை கிடையாது, ஏரி கிடையாது. பெய்கிற மழை மணல் வழியாக இறங்கி, அடியில் இருக்கிற கடல்நீருக்கு மேலே மெல்லிய படலமாக மிதக்கும். நன்னீர் உப்புநீரைவிட லேசு என்பதால் கலந்துவிடாமல் நிற்கிறது. அந்தப் படலத்தைத்தான் கிணறு தோண்டி இறைக்கிறார்கள். மோட்டார் போட்டு உறிஞ்சினால் அடியிலிருந்து உப்பு மேலே ஏறிவிடும். கக்கூஸ் தொட்டியும் அதே மணலுக்குள்தான் இருக்கிறது என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

இதற்கு ஒரு மாற்றைச் சென்னையில் இருக்கிற தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் 2005-ல் கவரத்தித் தீவில் செய்து காட்டியது. மேலே வெதுவெதுப்பாக இருக்கிற கடல்நீரைக் காற்றுக் குறைந்த அறைக்குள் விட்டால், கொதிக்க வைக்காமலே கொஞ்சம் ஆவியாகும். முன்னூறு, நானூறு மீட்டர் ஆழத்திலிருந்து குழாய் போட்டு இழுத்த குளிர்ந்த நீரைக் கொண்டு அந்த ஆவியைத் தண்ணீராக்குகிறார்கள். நாளைக்கு ஒரு லட்சம் லிட்டர். பிற்பாடு மற்ற தீவுகளுக்கும் இந்த முறை போனது. நல்ல காரியம்தான்; ஆனாலும் ஒரு தீவுக்கே லட்சம் லிட்டர் என்றால் எவ்வளவு சொற்பம் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

ஆகவே, உப்பு போகக் குளிக்கிறேன் என்று அரை மணி நேரம் ஷவரின் கீழ் நிற்காதீர்கள். கடலிலிருந்து ஏறியதும் ரெகுலேட்டர், ஜாக்கெட் எல்லாவற்றையும் நன்னீர்த் தொட்டியில் முக்கி எடுப்பார்கள். அது கருவிக்கு, அதில் கால் கழுவக் கூடாது. இதைச் சொல்ல எனக்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆற்றில் சோப்புப் போட்டுக் குளித்துவிட்டு, ஷாம்பு உறையைப் படியிலேயே விட்டுவிட்டு வருகிற வழக்கம் நம் கூட்டத்தில் இல்லை என்று யாராவது சத்தியம் பண்ண முடியுமா? நம் குப்பையையும் சாக்கடையையும் ஆறு ஸ்ரீவைகுண்டத்துப் பக்கம் கொண்டுபோய்விடும், அப்புறம் அது புன்னைக்காயல்காரர் பாடு. தீவில் கீழ்த்தட்டு ஊர் கிடையாது. போட்டது போட்ட இடத்திலேயே இருக்கும். பிளாஸ்டிக்கைக் கொண்டுபோனால் திரும்பக் கொண்டு வந்துவிடுங்கள்.

அல்வா கொண்டுபோகலாம். தாமிரபரணித் தண்ணீர்தான் அதன் ருசி என்று படகுக்காரர்களிடம் பீற்றிக்கொள்ளவும் செய்யலாம். அவர்கள் சிரித்துக்கொண்டே சூரை மீன் துண்டைத் தட்டில் வைப்பார்கள். தினமும் சூரைதான், பழகிக்கொள்ளுங்கள். அரிசி, காய்கறி எல்லாம் கப்பலில் வருபவை. கப்பல் தாமதமானால் தக்காளியைக் கண்ணால் பார்க்க முடியாது. உங்களில் சைவக்காரர்கள் ஊறுகாய், பருப்புப்பொடி எடுத்துப்போவது நல்லது.

பயணம் பற்றி. ராத்திரி பாலருவி எக்ஸ்பிரஸில் ஏறினால் சேரன்மகாதேவி, கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம் என்று ஆற்றை ஒட்டியே போய், செங்கோட்டைக் கணவாய் தாண்டி, காலையில் எர்ணாகுளம். கொச்சியிலிருந்து கப்பல் பிடித்தால் ஏறக்குறைய ஒரு நாள். விமானம் அகத்தி வரைக்கும் உண்டு. அங்கிருந்து மறுபடி படகு. என்னைக் கேட்டால் திரும்பும்போதாவது கப்பலில் வாருங்கள். அடியில் இருக்கும்போது அழுத்தத்தில் நைட்ரஜன் ரத்தத்திலும் சதையிலும் கரைந்திருக்கும். அது மெல்ல வெளியேற நேரம் வேண்டும். தொடர்ந்து பல தடவை இறங்கியவர் விமானம் ஏற 18 மணி நேரமாவது பொறுக்க வேண்டும். கப்பல் கடல் மட்டத்திலேயே வருவதால் அந்தக் கவலை இல்லை. பல தீவுகளில் பெரிய கப்பல் கரையை ஒட்டி வராது. விலாவில் ஒரு கதவைத் திறந்து, கீழே தாழ்ந்து உயர்ந்து ஆடுகிற சிறு படகுக்கு இறக்குவார்கள். படகு அலையில் மேலே வரும் கணத்தில் கால் வைக்க வேண்டும். தீவுக்காரப் பாட்டிமார்கள் பையும் கையுமாக வெகு சாதாரணமாக இறங்கிப் போவார்கள். கல்மண்டபத்திலிருந்து குதிக்கிற நீங்கள் அங்கே கையைப் பிடித்துவிடச் சொல்லிக் கேட்பீர்கள், பாருங்கள்.

குற்றாலத்தில் சாரல் விழுகிற மாதங்களில் அங்கே கடல் மூடியிருக்கும். அதே தென்மேற்குப் பருவக்காற்றுதான். முதலில் தீவுகளை அடித்துவிட்டு, அப்புறம் மலையில் மோதி நமக்கு அருவியாக விழுகிறது. அக்டோபரிலிருந்து மே நடு வரைக்கும் போகலாம். திரும்பும் தேதிக்கு மறுநாளே ஆபீஸ் என்று வைக்காதீர்கள். காற்று எழும்பினால் கப்பல் நிற்கும், யாரிடம் போய்ச் சண்டை பிடிப்பீர்கள்? ஆஸ்பத்திரியும் அப்படித்தான். பெரிய சிக்கல் என்றால் ஹெலிகாப்டரில்தான் வெளியே கொண்டுபோக வேண்டும். தீவுக்காரர் பிரசவத்துக்கும் நெஞ்சுவலிக்கும் நம்பியிருக்கிற அதே ஹெலிகாப்டர். விளையாட்டுக்கு ஆழம் தாண்டிப் போய் அதைக் கேட்கிற நிலைக்கு உங்களைக் கொண்டுவராதீர்கள். கிளம்பும் முன் ஒரு மருத்துவப் படிவம் நிரப்பச் சொல்வார்கள். ஆஸ்துமா, வலிப்பு, காது அறுவை, இதயக் கோளாறு எது இருந்தாலும் உள்ளபடி எழுதுங்கள். பாளையங்கோட்டையில் நல்ல காது மூக்கு தொண்டை டாக்டர்கள் இருக்கிறார்கள், முன்னாலேயே காட்டிவிடுங்கள்.

பவளத்தைப் பார்க்கப் போகிறீர்கள். படத்தில் பார்த்த நிறமெல்லாம் இருக்கும் என்று எண்ணிப் போகாதீர்கள். 1998, 2010, 2016, 2024 என்று கடல் சூடேறிய வருஷங்களில் லட்சத்தீவுப் பவளம் வெளுத்துப் பெருமளவு செத்தது. சில இடத்தில் கிளைகள் உடைந்து சரளைக் குவியலாகக் கிடக்கும். அதற்குள்ளேயும் கிளி மீன் கடக் கடக்கென்று பவளத்தைக் கடிக்கிற சத்தம் காதில் விழும். அது கடித்து அரைத்து வெளியே விடுவதும் சேர்ந்ததுதான் நீங்கள் படுத்துப் படமெடுக்கப் போகிற வெள்ளை மணல்.

கடைசியாக ஒரு விஷயம். எனக்குக் கொஞ்சம் கோபம் வந்த விஷயம். ‘நம்ம தூத்துக்குடியிலேயே தீவு இருக்கு, அங்க ரிசார்ட் கட்டி ஸ்கூபா விட்டா நாம எதுக்கு லட்சத்தீவுக்குப் போணும்’ என்று உங்களில் ஒருவர் சொன்னதாகவும், அதை மனுவாக எழுதலாமென்று மற்றவர்கள் தலையாட்டியதாகவும் காதில் விழுந்தது. வேண்டாம்.

ராமேஸ்வரத்திலிருந்து தூத்துக்குடி வரை 21 தீவுகள். 1986-ல் அவற்றைச் சேர்த்துத் தேசியப் பூங்கா ஆக்கினார்கள். பரப்பு 560 சதுர கிலோமீட்டர். தூத்துக்குடிப் பக்கம் வான், காசுவாரி, காரியசல்லி, விலாங்குசல்லி என்று நான்கு. இதில் விலாங்குசல்லி இப்போது தண்ணீருக்கு அடியில். கீழக்கரைப் பக்கம் பூவரசன்பட்டியும் அப்படியே. சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பவளக் கல்லைப் பல பத்தாண்டுகள் வெட்டி எடுத்தோம். அலையைத் தடுத்த பார் போனதும் தீவு கரைந்தது. காரியசல்லி 1969-ல் இருபது ஹெக்டேர் இருந்தது, இன்று ஐந்தில் ஒரு பங்குகூட மிச்சமில்லை. வான் தீவைக் காப்பாற்ற 2015-லிருந்து கான்கிரீட்டில் செய்த செயற்கைப் பார்களைச் சுற்றிலும் இறக்கினார்கள். தூத்துக்குடி சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனத்தார் அதன் பலனை அளந்துவருகிறார்கள். ஒரு தீவை நிறுத்திவைக்கவே இந்தப் பாடு.

அதோடு, அந்தத் தீவுகளில் தலைமுறையாகக் குடிசை போட்டு, கஞ்சி காய்ச்சி, வலை உலர்த்தி வந்த மீனவர்களைப் பூங்கா வந்ததும் வெளியேற்றினோம். பாசி எடுக்கப் போகிற பெண்கள்கூட வனத்துறைக்குப் பயந்துதான் போய் வருகிறார்கள். அவர்கள் ராத் தங்கக் கூடாத மணலில் நாம் ஏ.சி. அறை போட்டுத் தங்குவதா? இது எனக்குச் சரியாகப் படவில்லை. குருசடை போலத் தீவொன்றுக்குப் பகலில் அழைத்துப்போய்த் திரும்பக் கூட்டி வருகிறார்கள், அதுபோன்ற ஏற்பாடு வேறு. தங்குவது வேறு.

மனுவுக்குப் பதில் இன்னொன்று செய்யுங்கள். சான்றிதழ் வாங்கி வந்தபின் ஒரு ஞாயிற்றுக்கிழமை தூத்துக்குடி திரேஸ்புரத்துக்குப் போங்கள். அங்கே சங்கு குளிக்கிறவர்கள் இருக்கிறார்கள். மூச்சடக்கி இறங்கியவர்கள், இன்று சிலிண்டரோ காற்றுக் குழாயோ வைத்து இறங்குகிறவர்கள். பெரும்பாலோர் அனுபவத்திலேயே கற்றவர்கள். எத்தனை பாகத்தில் எத்தனை நிமிடம் இருக்கலாம், எவ்வளவு மெதுவாக ஏறலாம் என்ற அட்டவணையை யாரும் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுக்கவில்லை. நைட்ரஜன் குமிழி மூட்டில் தங்கினால் வலி, முதுகுத்தண்டில் தங்கினால் கால் விழுந்துவிடும். நீங்கள் காசு கொடுத்துக் கற்றதைத் தமிழில் ஒரு தாளில் எழுதி அவர்களுக்குக் கொடுங்கள். பாரின் பெயர், நீரோட்டம், எந்தக் காற்றில் தண்ணீர் தெளியும் என்பதை அவர்களிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். என்னோடு வருகிறவர்கள் முன்னாலேயே சொன்னால் வேன் பேசிவிடலாம்.

இப்படிக்கு,
உங்கள் அண்ணாச்சி

பி.கு.: லட்சத்தீவுக்குள் போக அனுமதிச் சீட்டு வேண்டும், 1967-லிருந்து அதுதான் சட்டம். அதற்குப் போலீஸ் சான்று கேட்பார்கள், இழுத்தடிக்கும். இந்த வாரமே விண்ணப்பித்துவிடுங்கள். அங்கிருந்து வரும்போது எனக்கு அரைக் கிலோ மாசிக் கருவாடு வாங்கி வாருங்கள், துண்டாக, பொடித்தது வேண்டாம்.